குழாய் ஜலம் பின்னோக்கிப் பாயும் அபாயம்

குழாயில் வரும் ஜலம் சில வேளைகளில் வந்த வழியே திரும்பிச் செல்லும் என்பதை நம்மில் பலர் அறியார்.

சென்னைக்கு மேற்கே பாடி, கொரட்டூர், அம்பத்தூர் முதலியன முன்னர் ஏரிப்பாசன ஊர்கள். 1960-களில் அங்கே தொழிற்பேட்டை வந்தது. 2011-ல் அம்பத்தூர் நகராட்சி சென்னை மாநகராட்சியுடன் சேர்ந்தது. கிணற்றை நம்பியிருந்த குடும்பங்கள் இன்று தெருக்குழாயை நம்புகின்றன. 2019-ல் தொடங்கிய ஜல் ஜீவன் திட்டத்தால் நமது கிராமங்களுக்கும் அதே நிலைமை வந்திருக்கிறது.

இக்குழாய்களில் பெரும்பாலும் நாள் முழுதும் ஜலம் வருவதில்லை. ஜலம் வரும் சொற்ப நேரத்தில், புறநகர்களில் சிலர் தெருக்குழாயிலேயே நேராக மோட்டாரைப் பொருத்தி உறிஞ்சுகின்றனர். அமுக்கம் குறைந்தவுடன் குழாய் வெளியிலுள்ளதை உள்ளே இழுக்கும். பூமிக்குள் இணைப்பு கசியுமிடத்தில் சாக்கடை நீர் நுழையும். அண்டைவீட்டுத் தொட்டியில் ரப்பர் குழாயின் நுனி முழுகிக் கிடந்தால், அந்த ஜலமும் திரும்பி ஏறும். மோட்டார் வைத்தவர் ஒருவர். நோயை அனுபவிப்பதோ தெரு முழுதும்!

1933-ல் அமெரிக்காவின் சிக்காகோ நகரில், இரண்டு ஹோட்டல்களின் குடிநீர்க் குழாய்களில் கழிவுநீர் கலந்து அமீபா சீதபேதி பரவிற்று. சுமார் 1,400 பேர் நோயுற்றனர். 98 பேர் மாண்டனர்.

குடியானவர்களிடம் உள்ள வழக்கம் இதனினும் கொடிது. பூச்சிமருந்து கரைக்கும் பீப்பாயில் ஊராட்சிக் குழாயின் நுனியை முழுகவிட்டு, நிரம்பட்டுமென்று வேறு வேலைக்குப் போய்விடுகிறார்கள். அத்தருணம் மேல்நிலைத் தொட்டியின் வால்வை அடைத்தால், மருந்து ஊர்க்குழாயில் ஏறிவிடும். சொட்டுநீருக்கு உரங்கலக்கும் கருவியை ஊர்க்குழாயோடு இணைப்பதும், சொந்த ஆழ்குழாய்க் கிணற்றுக் குழாயை அதனுடன் சேர்த்து நடுவே ஒரு வால்வை மட்டும் வைப்பதும் இவ்வகையே.

பரிகாரம் எளிது. குழாய் வாய்க்கும் பாத்திரத்தின் விளிம்புக்கும் இடையே, குழாயின் விட்டத்தைப்போல் இருமடங்கு வெற்றிடம் இருக்கவேண்டும்; ஓர் அங்குலத்திற்குக் குறையலாகாது. ஒருவழி வால்வு நன்றே. ஆயினும் அதில் மணலோ துருவோ சிக்கினால் மூடாது. வெற்றிடம் பழுதாவதில்லை.

மோட்டார்களைப் பறிமுதல் செய்வது மட்டும் போதாதென்பது எமது அபிப்பிராயம். தெளிப்பான் நிரப்ப வேறிடம் இல்லாதவன் வீட்டுக் குழாயைத்தான் நாடுவான். வாய் உயர்த்திய குழாயுடன் ஒரு தனி மேடையை வயற்புறத்தில் அமைக்க அதிகச் செலவாகாது. ஊராட்சி அதிகாரிகள் அதனை ஆடிப்பட்டத்திற்கு முன்பே அமைத்துத் தருவார்களாக.