வண்டியில் அகப்பட்ட துப்பாக்கி

மோட்டார் வண்டியொன்றைப் போலீஸார் மறித்துச் சோதிக்கின்றனர். ஆசனத்தின் அடியில் லைசென்ஸ் இல்லாத துப்பாக்கி ஒன்று அகப்படுகிறது. வண்டியில் ஐவர் இருக்கின்றனர். குற்றவாளி ஒருவரா, ஐவருமா?

நமது ஜில்லாவில் இது சட்டக் கல்லூரியோடு நிற்கும் கேள்வியன்று. பழிக்குப் பழி என்னும் பேய் பிடித்தாட்டும் கிராமங்கள் தாமிரபரணியின் இரு கரையிலும் உண்டு. கொலைக்குப் புறப்படுவோர் இக்காலத்தில் நடந்து போவதில்லை, வண்டியில்தான் போகின்றனர். ஆதலின், வண்டிகளை நிறுத்திச் சோதிக்கும் அதிகாரத்தை அளிக்கும் 1959-ஆம் வருஷத்து ஆயுதச் சட்டத்தின் 23-வது பிரிவை நாம் குறை கூறவில்லை. சோதனை நடக்கட்டும். அதன் பின் நடப்பதைப் பற்றியே நமது கவலை.

அச்சட்டத்தின் 35-வது பிரிவு கூறுவதாவது: பலருடைய கூட்டு அநுபவத்திலோ ஆதீனத்திலோ உள்ள வீட்டில் அல்லது வண்டியில் குற்றத்துக்குரிய ஆயுதம் அகப்பட்டால், அது அங்கிருப்பதை அறிந்திருந்தார் என்று நம்பக் காரணமுள்ள ஒவ்வொருவரும், மாறாக நிரூபிக்கப்பட்டாலன்றி, தாம் ஒருவரே குற்றம் செய்தாற்போலப் பொறுப்பாளியாவார். ‘அறிந்திருந்தார் என்று நம்பக் காரணமுள்ள’ என்ற சொற்களே இப்பிரிவின் உயிர். அவற்றை மறந்தால் மிஞ்சுவது வெறும் வலை. அதில் மீனும் விழும், தவளையும் விழும். ஆயுதம் கையிலேயே இருக்க வேண்டுவதில்லை, ஆதீனத்தில் இருந்தால் போதும், ஆனால் அறிவு இருந்தே தீர வேண்டும் என்று 1972-ல் குன்வந்த்லால் வழக்கில் சுப்ரீம் கோர்ட்டு விளக்கியது. 1994-ல் சஞ்சய் தத் வழக்கிலும் அறிந்து வைத்திருத்தலே வைத்திருத்தல் என்று கூறிற்று. விமானப் பிரயாணியின் பையடியில் அறியாமற் கிடந்த ஒற்றைத் தோட்டாவுக்காகத் தொடுக்கப்பட்ட வழக்குகளை டெல்லி ஐகோர்ட்டு ரத்து செய்ததும் இதே கொள்கையைப் பற்றித்தான்.

துப்பாக்கிக்குப் பேர் போன அமெரிக்காவில் நிலைமை விசித்திரமானது. வண்டியில் துப்பாக்கி இருந்தால் அதிலுள்ள அனைவரும் அதை வைத்திருந்ததாகவே அநுமானிக்கலாம் என்பது நியூயார்க் ராஜ்யத்தின் சட்டம். மூன்று ஆடவரும் பதினாறு வயதுப் பெண்ணொருத்தியும் சென்ற வண்டியில், அப்பெண்ணின் கைப்பையில் இரண்டு கைத்துப்பாக்கிகள் இருந்தன. நால்வரும் தண்டிக்கப்பட்டனர். 1979-ல் அந்நாட்டு சுப்ரீம் கோர்ட்டு ஐவருக்கு நால்வர் என்ற கணக்கில் அதை ஒப்புக்கொண்டது. நமது சட்டம் இவ்வளவு கடுமையானதன்று. எனினும் நியூயார்க் சட்டத்தில் உள்ள ஒரு விலக்கு நம்மிடம் இல்லை. நேர்மையாகத் தொழில் நடத்தும் லைசென்ஸ் பெற்ற வாடகை வண்டிச் சாரதியை அந்த அநுமானம் தீண்டாது என்று அவர்கள் எழுதி வைத்திருக்கின்றனர். அம்பாசமுத்திரத்திலோ பாளையங்கோட்டையிலோ வாடகைக்கு வண்டி ஓட்டுகிறவன் ஏறுகிறவர்களின் மடியை அவிழ்த்தா பார்க்க முடியும்? பார்த்தால் அவன் வண்டியில் யார் ஏறுவர்?

அரிவாள் விஷயமும் உண்டு. வீட்டுக்கும் விவசாயத்துக்கும் மட்டுமே அமைந்த கருவிகளைச் சட்டம் ஆயுதமாகக் கொள்வதில்லை. சேரன்மகாதேவியிலிருந்து வாழைத்தார் ஏற்றி வரும் வண்டியில் தார் வெட்டும் அரிவாள் இல்லாமல் வேறு என்ன இருக்கும்? வீச்சரிவாளை வாழைக்கென்று கூறுவோனை நம்புமாறு எந்த மாஜிஸ்திரேட்டையும் நாம் வேண்டவில்லை. இரண்டுக்கும் வித்தியாசம் நமது ஜில்லாப் போலீஸாருக்குத் தெரியாததுமன்று.

வண்டியும் துப்பாக்கியும் என்றதும் மணியாச்சியை நினையாதார் இங்கு இலர். 1911 ஜூன் 17-ல் வாஞ்சிநாதன் கலெக்டர் ஆஷைச் சுட்டது ரயில் வண்டியில்தான். அந்நாளில் அமலிலிருந்த 1878-ஆம் வருஷத்துச் சட்டம் வெள்ளையருக்கு விலக்களித்து நம்மவரிடம் லைசென்ஸ் கேட்டது. 1931-ல் கராச்சி காங்கிரஸ், விதிகளுக்குட்பட்டு ஆயுதம் வைத்திருக்கும் உரிமையைப் பிரஜைகளின் அடிப்படை உரிமைகளில் ஒன்றாக எழுதிற்று. அரசியல் நிர்ணய சபை அதை ஏற்கவில்லை. அது சரியே என்பது நமது அபிப்பிராயம். தெருவெங்கும் துப்பாக்கி நமக்கு வேண்டாம். ஆனால் உரிமையை மறுக்கும் சட்டம் நிரபராதியைத் தொடாதிருக்க வேண்டுமல்லவா? லைசென்ஸ் இன்றித் துப்பாக்கி வைத்திருப்பதற்கு 2019-ஆம் வருஷத் திருத்தத்தின்படி குறைந்த தண்டனை 2 வருஷம். அதிகம் 5 வருஷம்.

இத்தகைய வழக்கைத் தொடர ஜில்லா மாஜிஸ்திரேட்டின் முன் அநுமதி வேண்டுமென 39-வது பிரிவு விதிக்கிறது. அக்கையெழுத்து வெறும் சடங்காகிவிடலாகாது. வண்டியிலிருந்த ஒவ்வொருவரும் அறிந்திருந்தார் என்று நம்புவதற்குரிய காரணத்தைத் தனித்தனியே எழுதும்படி போலீஸாரிடம் அவர் கேட்க வேண்டும். காரணம் இல்லாதவர் பெயரை அடித்துவிட வேண்டும். வாடகைச் சாரதிக்கு விலக்களிக்கும் திருத்தத்தைச் சென்னைச் சட்டசபை செய்ய இயலாது. ஆயுதம் யூனியன் பட்டியலில் உள்ள விஷயம். நெல்லையிலிருந்து பார்லிமெண்டு செல்லும் அங்கத்தினரே அதைக் கொண்டுவர வேண்டும்.