எட்டயபுரத்தில் போய்க் கேளுங்கள்!

'கிட்டாரைத் தூக்கிக்கிட்டு நாலு பசங்க கத்தினா அது சங்கீதமா? நம்ம கலாசாரம் என்னாவுறது?' என்று கவலைப்படும் பெரியவர்கள் ஒரு நடை எட்டயபுரம் போய் வரலாம்.

பாரதி பிறந்த அந்தக் கரிசல் ஊரில்தான் 1835-ல் முத்துசுவாமி தீட்சிதர் காலமானார். கிழக்கிந்தியக் கம்பெனி பாண்டு வாசித்த மெட்டுகளுக்கு சம்ஸ்கிருதத்தில் சாகித்யம் எழுதியவர் அவர். இங்கிலாந்து மன்னர் வாழ்த்து மெட்டிலேயே அம்பாளைப் பாடியிருக்கிறார்! அவர் தம்பி பாலுசுவாமி, வெள்ளைக்காரரின் வயலினைக் கற்று கர்னாடக சங்கீதத்துக்குள் கொண்டுவந்தவர். எட்டயபுரம் சமஸ்தான வித்வான். இன்று வயலின் இல்லாத கச்சேரியை நினைத்துப் பார்க்க முடியுமா?

ஆக, 'அந்நிய வாத்தியம்' என்பதெல்லாம் சும்மா சாக்கு. நிஜமான சிக்கல், நமக்குப் பாட்டு என்றாலே சினிமாப் பாட்டு என்பதுதான். ஒரு பாண்டு சொந்தப் பாட்டைத் தொடங்கினால், இரண்டாவது நிமிடமே 'ராஜா சார் பாட்டு போடுங்கப்பா' என்று குரல் வருகிறது.

2018 ஜனவரியில் சென்னை கீழ்ப்பாக்கத்தில் 'தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்' கானா, பறை, ராக், ராப் எல்லாவற்றையும் சேர்த்து சாதிக்கு எதிராகப் பாடியது. ஹீரோவுக்கும் சிச்சுவேஷனுக்கும் காத்திருந்தால் அப்படிப்பட்ட பாட்டுகள் எப்போது வரும்?

தீட்சிதர் குடும்பத்தை ஒரு சமஸ்தானம் ஆதரித்தது. இன்றைய பாண்டுகளுக்கு டிக்கெட் வாங்கும் நாம்தான் சமஸ்தானம். ஓசி பாஸ் கேட்காமல் போய், ஒரு மணி நேரம் புதுப் பாட்டைக் கேட்போம். பிடிக்கவில்லையா, தாராளமாகத் திட்டுவோம். கேட்காமலே திட்டுவதுதான் கலாசாரக் கேடு!