வரியைக் குறைத்தது போதும், மருந்தைக் கொடுங்கள்

நுரையீரல் புற்றுக்குப் போடும் அட்டிசோலிசுமாப் ஊசி மருந்துக்கு 2025 செப்டம்பரில் ஜிஎஸ்டி அடியோடு நீக்கப்பட்டது. அதே வகை மருந்தான துர்வாலுமாபுக்கு அதற்கு முந்தைய ஆண்டே சுங்கவரி போய், ஜிஎஸ்டியும் 12 சதவீதத்திலிருந்து 5 ஆனது. ஏழைக்கு மருந்து எட்டிவிட்டதாகப் பெருமை பேசுகிறார்கள். நெல்லைப் பக்கத்துச் சீவலப்பேரிக்கு எட்டவில்லை. லட்ச ரூபாய் மருந்தில் வரி 7 சதவீதம் குறைந்தால் மிஞ்சுவது ஏழாயிரம். மீதிக்கு வயலைத்தான் விற்க வேண்டும்.

சிறுசெல் நுரையீரல் புற்று அவகாசம் தராத நோய். பெரும்பாலும் பீடி, சிகரெட் பிடித்தவர்களுக்கு வருவது. சளி, இருமல் என்று மாத்திரை வாங்கித் தின்று, டிபியோ என்று சந்தேகப்பட்டு, கடைசியில் பாளையங்கோட்டை ஐகிரவுண்டு பெரியாஸ்பத்திரிக்கு வந்து சேர்வதற்குள் மூன்றில் இருவருக்கு நோய் பரவியிருக்கும். கீமோவில் கட்டி கரையும். சில மாதங்களில் திரும்பிவிடும். எதிர்ப்பு அணுக்களின் கண்ணில் படாமல் புற்றணு ஒளிந்துகொள்ளும் வழியை இந்த மருந்துகள் தரும் இம்யூனோதெரபி அடைக்கிறது. நோய் பரவியவர்களுக்கு அட்டிசோலிசுமாபால் 2018-இல் கிடைத்த பலன் சொற்பம்: பாதி நோயாளிகளாவது உயிரோடிருந்த காலம் 10.3 மாதத்திலிருந்து 12.3 ஆனது. நோய் நெஞ்சோடு நின்றவர்களுக்கு, கீமோவும் கதிர்வீச்சும் முடிந்தபின் துர்வாலுமாப் கொடுத்த அட்ரியாட்டிக் ஆய்வின் முடிவு 2024-இல் வந்தது. அதே கணக்கு 33.4 மாதத்திலிருந்து 55.9 ஆக உயர்ந்திருந்தது. கிட்டத்தட்ட இரண்டு வருடம் கூடுதல்!

விலைக்கு என்ன வழி? மும்பை டாடா நினைவு மருத்துவமனை 2022-இலேயே காட்டிவிட்டது. தலை, கழுத்துப் புற்று முற்றிய 151 பேரில் ஒரு பாதிக்கு வழக்கமான குறைந்த செலவு மாத்திரைகள். மறுபாதிக்கு அவற்றோடு மூன்று வாரத்துக்கு ஒருமுறை 20 மில்லிகிராம் நிவோலுமாப் என்ற இம்யூனோதெரபி ஊசி. வழக்கமான அளவு இரண்டு வாரத்துக்கு 240 மில்லிகிராம். கணக்குப் போட்டால் பதினெட்டில் ஒரு பங்கு மருந்து! 40 மில்லிகிராம் குப்பி ஒன்றை ஒரே நாளில் இருவருக்கு ஏற்றலாம். ஓராண்டு தாண்டி உயிரோடிருந்தவர்கள் 16.3 சதவீதத்திலிருந்து 43.4 ஆனார்கள்.

அது தொண்டைக்கு, இது நுரையீரலுக்கு. மருந்தும் வேறு என்பார்கள். முழு அளவுக்குத்தான் சான்று உண்டு என்பார்கள். முழு அளவை வாங்க முடியாதவனுக்குக் கிடைப்பது பூஜ்யம் மில்லிகிராம். அதற்கு எந்த ஆய்வில் சான்று இருக்கிறது? குறைந்த அளவைச் சோதிக்க மருந்து கம்பெனி முன்வராது. அதன் வியாபாரம் படுத்துவிடும். அரசுதான் செய்ய வேண்டும்.

முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டம் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் வரை தருகிறது. குறைந்த அளவு இம்யூனோதெரபியை அதன்கீழ் கொண்டுவந்து, நெல்லை மருத்துவக் கல்லூரியிலேயே முறையான ஆய்வாகத் தொடங்கலாம். சீவலப்பேரித் தண்ணீரைக் குழாய் போட்டுக் கோவில்பட்டிவரை கொண்டுபோன அரசுக்கு இது முடியாத வேலையல்ல. தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் முப்பது ஆண்டுகளாக மொத்தக் கொள்முதலில் விலையை அடித்துப் பேசி வாங்குகிறது. இந்தக் குப்பிகளுக்கும் அது டெண்டர் விடட்டும்.