இரகசிய எண் யாருக்கு உரியது?

பொருள் தேடுதல் அரிது. தேடிய பொருளைக் காத்தல் அதனினும் அரிது. இவ்வுண்மையை நெய்தல் நிலத்தார் நன்கறிவர். 1581-ஆம் ஆண்டில் குன்றின்மேல் எழுந்த திருச்சிலுவை ஆலயத்தைத் தொழுது, மணப்பாட்டினின்றும் கொழும்பு முதலிய துறைகளுக்குப் பொருள்வயிற் பிரிந்தோர் பலர். அவர்தம் ஊதியம் மணியார்டராக இல்லஞ் சேர்ந்தது. எழுத்தறியாத் தாய்மார் தபாற்காரர் முன்னிலையில் பெருவிரல் ரேகை பதித்துப் பணம் பெற்றனர். அவ்விரலை எவரும் இரவல் வாங்குதல் இயலாது.

இன்றோ, 2016-ஆம் ஆண்டில் தொடங்கிய யு.பி.ஐ. முறையால், மகன் அனுப்பும் பணம் இமைப்பொழுதில் அன்னையின் கணக்கை அடைகின்றது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையுள்ள மீன்பிடித் தடைக்காலத்திற்கென அரசினர் அளிக்கும் உதவித்தொகையும் வங்கிக் கணக்கிலேயே சேர்கின்றது. இவை நன்மையே. ஆயின், பெருவிரல் இருந்த இடத்தில் இரகசிய எண் வந்து நிற்கின்றது. விரல் உடலோடு ஒட்டியது. எண்ணோ சொன்ன மாத்திரத்தே பிறர் உடைமையாகிவிடும்.

எங்கள் தெருவிலுள்ள மாமி ஒருவர்க்குக் கைபேசி வழியே பணம் அனுப்பிக் கொடுப்பவன் யானே. அவர் தம் எண்ணைச் சொல்வார், யான் அழுத்துவேன். ஒருநாள், வங்கியிலிருந்து பேசுவதாக ஒருவன் அழைத்தான். அட்டையின் எண்களையும், பின்னர்க் கைபேசிக்கு வந்த ஓ.டி.பி.யையும் கேட்டான். எனக்குச் சொல்வது போலவே அவனுக்கும் சொன்னார் மாமி. வலை வாங்க வைத்திருந்த தொகை போயிற்று. உதவி செய்தேன் என்று மகிழ்ந்திருந்த யானே, எண்ணைப் பிறர்க்குச் சொல்லலாம் என்னும் வழக்கத்தையும் அவருக்குக் கற்பித்தேன் அல்லேனோ?

சிம்சோனைப் பெலிஸ்தர் படைகொண்டு வென்றாரல்லர். ஓயாது கேட்ட தெலீலாளுக்கு அவனே இரகசியத்தை உரைத்தான். இக்காலத் திருடரும் பூட்டை உடைப்பதினும், கேட்டுப் பெறுதலையே எளிதெனக் காண்கின்றனர்.

சட்டம் காவாதோ எனின், 2023-ஆம் ஆண்டில் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இயற்றப்பட்டது. நம் விவரங்களைப் பெறும் நிறுவனங்கள் அவற்றைக் காத்தல் கடமை என அது வகுக்கின்றது. ஆயினும், நாமே வாய்திறந்து கொடுப்பதை எச்சட்டம் தடுக்கும்? அசட்டையால் இரகசிய எண்ணை வெளியிட்டவர், வங்கிக்கு அறிவிக்கும்வரை நேரும் நட்டத்தைத் தாமே ஏற்கவேண்டும் என 2017-ஆம் ஆண்டில் ரிசர்வ் வங்கி விதித்தது. ஆகலின், ஏமாந்தோர் நாணி மறைத்தலாகாது. உடனே வங்கிக்கும், 1930 என்னும் எண்ணுக்கும் தெரிவித்தல் வேண்டும்.

முதியோர் இவற்றைக் கற்கமாட்டார் என்பர் சிலர். காற்றின் போக்கையும் நீரோட்டத்தையும் குறிப்பால் உணரும் குடியினர்க்குச் சில இலக்கங்களைத் தாமே அழுத்துதல் அரிதோ? கற்பிக்கப் பொறுமையில்லாதவர் நாமே.

மாணவ நண்பர்காள்! விடுமுறையில் ஊர் செல்லும்போது, யு.பி.ஐ. வழியே பணம் பெறுவதற்கு இரகசிய எண் வேண்டுவதில்லை, கொடுப்பதற்கே வேண்டும் என்பதனை நம் தாய்மார்க்கு உணர்த்துவோம். அவர் எண்ணைச் சொல்ல வரின், "எனக்கும் வேண்டா" என்று தடுப்போம். அவர் அழுத்தும்போது முகந்திருப்பி நிற்போம். மாமி இப்பொழுது தாமே அழுத்துகின்றார். சற்று நேரமாகின்றது; ஆயின் அந்த எண்ணை யான் அறியேன்.