குழம்புக்குள் போன அப்பளம்

வாழை இலைச் சாப்பாட்டில் அப்பளம் எதற்கு என்று யாரேனும் கேட்டால் நாம் என்ன சொல்வோம்? கடிக்க மொறுமொறுப்பாக இருக்கும் என்போம். ரசத்துக்குப் பொருத்தம் என்போம். அப்பளமே கறியாகவும் இருக்கும், ஒரு வீட்டின் மதிய உணவை அது ஒன்றே தாங்கும் என்று சொல்பவர்கள் நம்மில் எத்தனை பேர்? அப்பளக் குழம்பு சாப்பிட்டு வளர்ந்த நானே அதைச் சொல்லக் கூசியிருக்கிறேன். அந்தக் கூச்சத்தைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

தமிழ்ப்பள்ளியில் படித்த ஆறு ஆண்டுகளும் என் சாப்பாட்டு டப்பாவைப் பார்த்து யாரும் எதுவும் கேட்டதில்லை. எல்லார் வீட்டிலும் ஏறக்குறைய ஒரே சமையல். படிவம் ஒன்றுக்குத் தேசிய இடைநிலைப்பள்ளிக்குப் போன பிறகு, ஒரு நாள் என் டப்பாவை எட்டிப் பார்த்த தோழி, "கெரோப்போக்கை ஏன் கறியில் ஊற வைத்திருக்கிறீர்கள்?" என்று கேட்டாள். அவள் கேலி செய்யவில்லை; தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். அது அப்பளம், உளுந்தில் செய்தது, எங்கள் வீட்டில் இப்படியும் சமைப்போம் என்று சொல்லியிருந்தால் போதும். நானோ, "வீட்டில் காய்கறி இல்லை" என்று சொல்லி டப்பாவை மூடிவிட்டேன். அன்று பசியோடுதான் வீடு திரும்பினேன். அதன் பிறகு அந்தக் குழம்பைப் பள்ளிக்குக் கட்டிக் கொடுக்க வேண்டாம் என்று அம்மாவிடம் சொல்லிவிட்டேன்.

வீட்டில் காய்கறி இல்லாதபோது வைக்கும் குழம்பு என்பது உண்மைதான். ஆனால் அந்த உண்மைக்குப் பின்னால் எவ்வளவு திட்டமிடல் இருந்தது என்பதைப் பாட்டி சொல்லித்தான் அறிந்தேன்.

பாட்டி பேராக்கில் ஒரு ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் சீவியவர். பிப்ரவரி, மார்ச் மாதங்களில் ரப்பர் மரம் இலை உதிர்க்கும், பால் குறையும், கையில் வரும் காசும் குறையும். அதே மாதங்களில்தான் வெயில் நன்றாக அடிக்கும். அப்போது லயத்துப் பெண்கள் ஒன்றுகூடுவார்களாம். உளுந்து மாவில் உப்பும் பெருங்காயமும் அப்பளக்காரமும் சேர்த்துக் கெட்டியாகப் பிசைந்து, உலக்கையால் இடித்து, எண்ணெய் தொட்டு உருட்டி, மெல்லியதாகத் தேய்த்துப் பாயில் காய வைப்பார்கள். காய்ந்தவை பிஸ்கட் டின்னுக்குள் போகும். ஆண்டுக் கடைசியில் மழை பிடித்துக்கொள்ளும். மரம் நனைந்தால் சீவ முடியாது. சீவாத நாளுக்குக் கூலி இல்லை. கடையில் கடனும் ஏறியிருக்கும். அந்த நாளில் டின் திறக்கும்; அப்பளம் குழம்புக்குள் போகும்.

"மாசி வெயிலை எடுத்து வச்சு மழையில சாப்பிட்டோம்" என்பார் பாட்டி.

குழம்பு வைப்பதிலும் ஒரு பக்குவம் உண்டு. நல்லெண்ணெயில் கடுகு, வெந்தயம், துவரம்பருப்பு, காய்ந்த மிளகாய், கறிவேப்பிலை தாளித்து, துண்டுகளாக்கிய பச்சை அப்பளத்தை அதே எண்ணெயில் பொரிக்க வேண்டும். பிறகு குழம்புத்தூளைப் போட்டுப் புளிக்கரைசலை ஊற்றி, பச்சை வாசனை போய் எண்ணெய் மிதக்கும் வரை கொதிக்க விட வேண்டும். அப்பளத்திலேயே உப்பு இருப்பதால் குழம்பில் உப்பைக் குறைத்துத்தான் போட வேண்டும். இதை மறந்து நான் வைத்த முதல் குழம்பை யாராலும் சாப்பிட முடியவில்லை. ஊறிய அப்பளம் நமுத்துப் போன அப்பளம் அன்று. புளியையும் காரத்தையும் உள்ளே வாங்கிக்கொண்டு மெத்தென்று ஆன உளுந்து அது.

இது தோட்டத்தில் பிறந்த வழக்கமும் அன்று. தமிழ்நாட்டு வீடுகளில் இருந்து நம் முன்னோரோடு கப்பலேறி வந்தது. தமிழருக்கு மட்டும் உரியதும் அன்று. தார் பாலைவனத்தை உடைய ராஜஸ்தானில் தண்ணீரும் பச்சைக் காய்கறியும் அரிது. அங்கே தயிரையும் மசாலாவையும் கொதிக்க வைத்து, அதில் அப்பளத்தை உடைத்துப் போட்டு 'பாப்பட் கி சப்ஜி' செய்கிறார்கள். இன்று அது அம்மாநிலத்தின் பெயர் சொல்லும் உணவுகளில் ஒன்று. யாரும் அதைச் சொல்ல வெட்கப்படுவதில்லை. மும்பையில் 1959ஆம் ஆண்டு மார்ச் 15ஆம் நாள் ஏழு பெண்கள் 80 ரூபாய் கடன் வாங்கி அப்பளம் தேய்க்கத் தொடங்கினார்கள். அதுதான் பின்னர் ஆயிரக்கணக்கான பெண்களுக்கு வேலை தரும் லிஜ்ஜத் பாப்பட் கூட்டுறவாக வளர்ந்தது. அந்த எழுவரில் ஒருவரான ஜஸ்வந்திபென் ஜம்னாதாஸ் போபட்டுக்கு 2021இல் இந்திய அரசு பத்மஸ்ரீ விருது அறிவித்தது. நம் லயத்துப் பெண்கள் செய்ததும் அதே வேலைதான். அதை நாம் எங்கும் எழுதி வைக்கவில்லை.

2020ஆம் ஆண்டு மார்ச் 18ஆம் நாள் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடப்புக்கு வந்தபோது நான் படிவம் ஐந்து மாணவர். அப்பா பள்ளிப் பேருந்து ஓட்டுநர். பள்ளிகள் மூடியதும் அவருடைய வருமானம் நின்றது. அந்த வாரங்களில் பாட்டிதான் சமையலைக் கையில் எடுத்தார். கடைப் பாக்கெட் அப்பளம்தான். ஆனாலும் ஒரு பாக்கெட்டில் இரண்டு வேளை ஐந்து பேர் சாப்பிட்டோம். பாட்டியின் முகத்தில் பதற்றமே இல்லை. இப்படிப்பட்ட நாள்களை அவர் முன்பே சமைத்துப் பார்த்தவர். பள்ளியில் டப்பாவை மூடிய நாள் அப்போதுதான் எனக்கு உறைத்தது.

உறைத்தும் நான் முழுதாகத் திருந்தவில்லை, நண்பர்களே. நம் கழகத்தின் பொங்கல் விழாவுக்கு உணவுப் பட்டியல் போட்ட கூட்டத்தில் நானும் இருந்தேன். ஒருவர் அப்பளக் குழம்பு வைக்கலாம் என்றார். "விருந்தினர் வரும் நாளில் அதெல்லாம் வேண்டாம், காய் வாங்கப் பணமில்லாததுபோல் இருக்கும்" என்று பதில் வந்தது. நான் வாய் திறக்கவில்லை. பனீர் பட்டர் மசாலா முடிவாயிற்று. பனீர் மீது எனக்குக் கோபமில்லை, நன்றாகவே இருந்தது. ஆனால் மேடையில் பாரம்பரியம் பாரம்பரியம் என்று முழங்கிவிட்டு, நம் பாட்டிமார் சமைத்ததைப் பந்திக்குக் கொண்டுவர வெட்கப்படுவது என்ன நியாயம்? அன்று அப்பளம், வடகம், வற்றல் மூன்றுக்கும் என்ன வேறுபாடு என்று பக்கத்தில் இருந்தவரிடம் கேட்டேன். "எல்லாமே பாப்படம்தானே" என்றார். மாவைத் தேய்த்துக் காய வைத்தால் அப்பளம். கூழாகக் காய்ச்சிப் பிழிந்தால் வடகம். காயை அரிந்து உலர்த்தினால் வற்றல். செய்வது நின்றதும் சொற்களும் நம்மிடமிருந்து நழுவுகின்றன. தமிழை வளர்க்கக் கழகம் நடத்தும் நாம் இதைக் கவனிக்க வேண்டாமா?

வறுமையைப் பெருமையாக்குகிறாயா என்று சிலர் கேட்கலாம். இல்லை. கூலியில்லாத நாள் யாருக்கும் வரக்கூடாது. பாட்டியும் அதை விரும்பி ஏற்கவில்லை. உப்பும் எண்ணெயும் மிகுந்த இந்தக் குழம்பை நாள்தோறும் உண்ணவும் நான் சொல்லவில்லை. வறுமை போகட்டும், அதைச் சமாளித்த அறிவும் கூடவே போக வேண்டுமா என்பதே என் கேள்வி.

அடுத்த பொங்கலுக்கு அப்பளக் குழம்பு வைப்போம். பட்டியலில் அதன் பெயரைத் தமிழிலேயே எழுதுவோம். விடுமுறைக்கு வீடு செல்லும் ஒவ்வொருவரும் அம்மாவிடமோ பாட்டியிடமோ ஒரு சமையலைக் கேட்டு, அளவோடும் அதன் கதையோடும் எழுதி வாருங்கள். அடுத்த மலரில் சேர்ப்போம். முன்னாள் மாணவர்களும் அனுப்பலாம். குழம்பு வைக்கும் பொறுப்பை நான் ஏற்கிறேன். இம்முறை உப்பை மறக்க மாட்டேன்.