டிக்கியில் தூங்கும் சிவப்பு உருளை

புதுக் கார் வாங்குகிறவர்கள் சீட் கவருக்குக் கணக்குப் பார்ப்பதில்லை. ஒரு கிலோ தீயணைப்பான் என்றால் மட்டும் ‘அதெல்லாம் எதுக்கு சார்?’ வாங்கியவர்களும் அதை டிக்கியில், ஸ்டெப்னிக்குப் பக்கத்தில் புதைத்துவிடுகிறார்கள். ஓட்டுநர் உட்கார்ந்தபடியே கை எட்டுகிற இடத்தில் இல்லையென்றால் அது வெறும் பாரம். வீட்டுக்கும் காருக்கும் ஏபிசி பவுடர் வகை பொருந்தும். ஐஎஸ்ஐ முத்திரை உண்டா, அழுத்தமானியின் முள் பச்சையில் நிற்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். சில வீடுகளில் அதை அடுப்புக்கு நேர் மேலே மாட்டியிருக்கிறார்கள். தீயைத் தாண்டியா கை நீட்டுவது? சமையலறை வாசலோரம்தான் சரி. பின்னை உருவி, தீயின் அடிப்பக்கம் குறிவைத்து, பிடியை அழுத்தி, இடவலமாக வீச வேண்டும். சின்ன உருளை பத்து விநாடி பீய்ச்சினால் பெரிது. தழலின் நுனியில் அடித்தால் அத்தனையும் வீண். வாணலி எண்ணெய் பற்றிக்கொண்டால் தண்ணீர் கூடவே கூடாது; அடுப்பை அணைத்து, தட்டைப் போட்டு மூடுங்கள், பெரும்பாலும் உருளைக்கே வேலையிருக்காது. பானெட்டில் புகை வந்தால் வண்டியை நிறுத்தி எல்லோரும் இறங்குவதுதான் முதல் வேலை. பானெட்டை அகலத் திறந்தால் காற்றுப் புகுந்து தீ எகிறும். இன்னொன்று: ‘வேலை செய்யுதா’ என்று லேசாக அழுத்திப் பார்த்தாலும் அழுத்தம் மெல்லக் கசிந்துவிடும், ரீஃபில் செய்தே ஆகவேண்டும்.