தரகு என்று ஏன் சொல்ல மறுக்கிறார்கள்?

‘வீட்டிலிருந்தே சம்பாதிக்கலாம், ஓய்வு நேரம் போதும், முதலீடு தேவையில்லை.’ கைபேசி வைத்திருக்கும் பெண்களில் இந்த மூன்று வாக்கியங்களைக் கேட்காதவர் குறைவு. அஃபிலியேட் மார்க்கெட்டிங்கைப் புதிதாகத் தொடங்கும் பெண்ணுக்கு முதல் பாடமாகச் சொல்லித்தரப்படுபவை இவைதாம். மூன்றும் பொய். நான் அந்தத் தொழிலை எதிர்த்து எழுதவில்லை. அதைப் பெண்களிடம் கொண்டுவரும்போது மட்டும் ஏன் இந்தப் பொய்களில் பொதிந்து கொண்டுவருகிறார்கள் என்று கேட்கிறேன்.

முதலில் ‘ஓய்வு நேரம்.’ இந்திய அரசு 2024இல் நடத்திய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, ஊதியமில்லாத வீட்டு வேலையில் ஈடுபடும் பெண்கள் ஒரு நாளைக்குச் சராசரியாக 289 நிமிடங்களை அதில் செலவிடுகிறார்கள். அதே வேலையில் ஈடுபடும் ஆண்களுக்கு அது 88 நிமிடங்கள். குழந்தையையும் முதியவரையும் பார்த்துக்கொள்ளும் நேரம் இதில் சேராது. ஏறத்தாழ ஐந்து மணி நேரம் அடுப்படியிலும் துவைகல்லிலும் நிற்கிற ஒருத்தியைப் பார்த்து ‘சும்மாதானே இருக்கீங்க’ என்று தொடங்குகிறது அந்த அழைப்பு. அவள் தூக்கத்திலிருந்து வெட்டி எடுக்கப்போகிற நேரத்துக்கு ஓய்வு நேரம் என்று பெயர் வைத்துவிட்டால், அதற்குக் கூலி கணக்கிட வேண்டியதில்லை. கணக்கிடாத நேரம் முதலீடாகவும் தெரியாது. முதல் பொய்யை நம்பிவிட்டால் மற்ற இரண்டும் தாமாக நம்பப்பட்டுவிடும்.

இந்தத் தொழில்தான் என்ன? ஒரு நிறுவனத்தின் பொருளுக்கு உங்கள் பெயரில் ஒரு இணைப்பு, அதாவது லிங்க், தருவார்கள். அதைத் தொட்டு யாராவது பொருள் வாங்கினால் விலையில் ஒரு பங்கு உங்களுக்கு. இதற்குத் தமிழில் நெடுங்காலமாகச் சொல் இருக்கிறது: தரகு. மாட்டுத் தரகு, நிலத் தரகு, கல்யாணத் தரகு எல்லாம் நமக்குத் தெரிந்தவை. இந்தத் தொழிலுக்கு மட்டும் ‘பார்ட்னர்’, ‘கிரியேட்டர்’, ‘பெண் தொழில்முனைவர்’ என்று பட்டங்கள் குவிகின்றன. தமிழ் படித்தவள் என்பதால் சொல் மாறும்போது எதை மறைக்கிறார்கள் என்று பார்ப்பது என் வழக்கம். தரகர் என்று சொன்னால் அடுத்த கேள்வி தரகு எவ்வளவு என்பதுதான். ‘பார்ட்னர்’ என்றால் அந்தக் கேள்வியைக் கேட்கக் கூச்சம் வந்துவிடுகிறது.

மாட்டுச் சந்தையில் தரகர்கள் துண்டுக்கு அடியில் விரல்பிடித்து விலை பேசுவார்கள். சுற்றி நிற்பவர்களுக்குத் தெரியாவிட்டாலும் தரகருக்கு விலை தெரியும். விற்பவரையும் வாங்குபவரையும் தெரியும். தன் தரகை அவரே பேசி வாங்குவார். இணைப்புத் தரகுக்காரியோ அந்தத் துண்டுக்குள் கைவிட முடியாது. வாங்கியவர் யார் என்று அவளுக்குத் தெரியாது. எத்தனை விற்றது என்பதை நிறுவனம் காட்டும் எண்ணைத்தான் நம்ப வேண்டும். தரகின் விழுக்காட்டை அவள் பேச முடியாது. அவர்கள் எழுதிவைத்ததற்கு ‘ஒப்புக்கொள்கிறேன்’ என்று விரலால் தொடலாம், அவ்வளவுதான்.

அந்த ஒப்பந்தத்தில் இருப்பதை யாரும் வகுப்பெடுத்துச் சொல்வதில்லை. நம் ஊரில் அதிகம் அறிமுகமான அமேசான் திட்டத்தையே எடுத்துக்கொள்வோம். உங்கள் இணைப்பைத் தொட்டவர் 24 மணி நேரத்துக்குள் பொருளை வாங்க வேண்டும், அல்லது கூடையிலாவது போட்டிருக்க வேண்டும். நடுவில் அவர் வேறொருவரின் இணைப்பைத் தொட்டுவிட்டால் தரகு அந்த வேறொருவருக்கு. பொருள் திரும்பிப்போனால் தரகும் திரும்பிப்போகும். நீங்களே உங்கள் இணைப்பில் வாங்கினால் கணக்கில் வராது. சேர்ந்த 180 நாட்களுக்குள் மூன்று விற்பனையாவது நடக்காவிட்டால் கணக்கையே மூடிவிடுவார்கள். எல்லாம் சரியாக நடந்தாலும் பணம் கைக்கு வர ஏறத்தாழ இரண்டு மாதமாகும்.

இனி ஒரு எளிய கணக்கு. தரகு நூற்றுக்கு ஐந்து என்று வைத்துக்கொள்வோம்; பல பொருட்களுக்கு இதைவிடக் குறைவு. மாதம் 1,000 ரூபாய் கிடைக்க 20,000 ரூபாய்க்குப் பொருள் விற்க வேண்டும். ஒரு பொருள் 800 ரூபாய் என்றால் 25 பேர் வாங்க வேண்டும். இணைப்பைத் தொடும் நூறு பேரில் இருவர் வாங்குவார்கள் என்றால் 1,250 பேர் தொட வேண்டும். அந்த 1,250 பேரும் நம் இணைப்பைத் தேடி வரமாட்டார்கள். படம் எடுத்து, எழுதி, பேசி, பதில் சொல்லி நாம்தான் அழைத்துவர வேண்டும். 2023 செப்டம்பரில் தமிழ்நாடு அரசு மகளிர் உரிமைத் தொகையாக மாதம் 1,000 ரூபாய் தரத் தொடங்கியபோது, ‘சும்மா இருப்பவர்களுக்கு எதற்குப் பணம்’ என்று கேட்டவர்கள் நம் வீடுகளிலேயே இருந்தார்கள். அதே 1,000 ரூபாய்க்காக ஒரு பெண் நள்ளிரவு வரை கைபேசியோடு உட்கார்ந்தால் அதற்குப் பெயர் ‘தன்னம்பிக்கை.’

இந்த விழுக்காடாவது நிலைக்குமா? 2020 ஏப்ரலில், கொரோனா ஊரடங்கில் இணைய வணிகம் பெருகிக்கொண்டிருந்த நேரத்தில், அமெரிக்காவில் அமேசான் தன் தரகுகளைக் குறைத்தது. வீட்டு அறைகலன்களுக்கு 8 விழுக்காடு 3 ஆனது. மளிகைக்கு 5 விழுக்காடு 1 ஆனது. இந்த வருமானத்தை நம்பியிருந்தவர்களின் சம்மதம் யாருக்கும் தேவைப்படவில்லை. ‘நீங்களே உங்கள் முதலாளி’ என்ற வாக்கியத்தை இந்த எண்களுக்குப் பக்கத்தில் வைத்துப் படியுங்கள்.

அமேசான் இந்தத் தரகுத் திட்டத்தைத் தொடங்கியது 1996இல். அப்போது அது வெறும் புத்தகக் கடை. அதே 1996இல்தான் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு வீடுசார் தொழிலாளர்களுக்கான 177ஆம் உடன்படிக்கையை நிறைவேற்றியது. வீட்டில் உட்கார்ந்து கூலிக்கு உழைப்பவரையும் மற்ற தொழிலாளரைப் போலவே நடத்த வேண்டும் என்றது அது. இந்தியா இன்றுவரை அதை ஏற்று ஒப்புதல் தரவில்லை. ஒரே ஆண்டில் பிறந்த இரண்டில் எது நம் வீட்டுக்குள் வந்தது, எது வாசலிலேயே நிற்கிறது என்பது கண்முன் இருக்கிறது.

இது புதிய கதையுமல்ல. ஆந்திரத்தின் நரசாபூரில் பூவேலை லேஸ் பின்னிய பெண்களை ஆராய்ந்து மரியா மீஸ் 1982இல் ஒரு நூல் வெளியிட்டார். அந்த லேஸ் கடல் கடந்து போனது. வணிகம் ஆண்கள் கையில் இருந்தது. பின்னிய பெண்களோ ‘வீட்டில் இருப்பவர்கள், பொழுதுபோக்காகப் பின்னுபவர்கள்’ என்றே கருதப்பட்டார்கள். இல்லத்தரசி என்று பெயர் சூட்டுவதாலேயே அவர்களின் உழைப்பு மலிவாகிறது என்பது மீஸின் வாதம். ஊசிநூல் இருந்த இடத்தில் கைபேசியை வையுங்கள், கதை மாறவில்லை.

நம் பக்கத்திலேயே, திருநெல்வேலி, தென்காசி வட்டாரத்துப் பெண்கள் வீட்டுத் திண்ணையில் பீடி சுற்றுகிறார்கள். அவர்களின் கூலி போதாது, நுரையீரல் கெடுகிறது, எல்லாம் உண்மை. ஆனால் 1966ஆம் ஆண்டின் பீடித் தொழிலாளர் சட்டம் வீட்டில் சுற்றுபவளையும் தொழிலாளி என்று ஏற்றுக்கொண்டது. அடையாள அட்டை வந்தது, சங்கம் வந்தது. அகமதாபாத்தில் 1972இல் இலா பட் சேவா அமைப்பைத் தொழிற்சங்கமாகப் பதிவுசெய்யப் போனபோது, ‘உங்களுக்கு முதலாளியே இல்லையே, யாரை எதிர்த்துச் சங்கம்’ என்று கேட்டார்கள். சங்கம் என்பது தொழிலாளரின் ஒற்றுமைக்காக, யாரையோ எதிர்ப்பதற்காக மட்டுமல்ல என்று வாதாடித்தான் பதிவு வாங்கினார்கள். இணைப்புத் தரகுப் பெண்களிடமும் இன்று அதே கேள்விதான் கேட்கப்படும். உங்களுக்கு முதலாளி எங்கே?

இதைவிட மோசமான ஒன்றும் இந்தப் பெயரில் நடக்கிறது. சில ஆண்டுகளுக்கு முன் மாணவிகளுக்கான ‘தொழில்முனைவு’ நிகழ்ச்சி ஒன்றில் பேசவந்த பயிற்சியாளர், இரண்டு மணி நேரம் கண்ணீரும் கைதட்டலுமாகப் பேசிவிட்டு, கடைசியில் ஒரு கட்டணப் பயிற்சியை விற்றார். தோட்டை அடகு வைத்துச் சேர்ந்தாள் ஒரு மாணவி. அங்கே போனால் பாடம் இதுதான்: இந்தப் பயிற்சியை இன்னும் நான்கு பேரிடம் விற்றால் உனக்குப் பாதித் தொகை. அவள் தன் விடுதித் தோழிகளிடம் போனாள், அத்தையிடம் போனாள், பிறகு என்னிடம் வந்தாள். “அம்மா, நீங்க சேர்ந்தா மத்தவங்களும் சேருவாங்கம்மா.” அவளிடம் கோபப்பட எனக்கு ஒன்றுமில்லை. என் மீது வகுப்புக்கு இருக்கும் நம்பிக்கைக்கும் விலை உண்டு என்று அவளுக்குச் சொல்லிக்கொடுத்திருந்தார்கள்.

பணம் கட்டிச் சேர்ந்து, பிறரைப் பணம் கட்ட வைத்தால்தான் வருமானம் என்பது அஃபிலியேட் மார்க்கெட்டிங் அல்ல. ஆளைப் பிடித்து ஆளுக்குக் கொடுக்கும் சங்கிலி. பணச் சுழற்சித் திட்டங்களைத் தடைசெய்யும் சட்டம் 1978 முதல் இருக்கிறது. 2021ஆம் ஆண்டின் நேரடி விற்பனை விதிகளும் பிரமிடுத் திட்டங்களைத் தடுக்கின்றன. சட்டத்தைத் தெரிந்துகொள்வதற்கு முன்பே தெரிந்துகொள்ளக்கூடியது ஒன்று உண்டு: உண்மையான தரகர் எவரும் மாடு விற்கப் போவதற்கு மாட்டுக்காரருக்குப் பணம் கட்டுவதில்லை.

பெண்களிடம் இது ஏன் எளிதில் செல்கிறது? பெண்களுக்கு அறிவு குறைவு என்பதால் அல்ல. நம்மிடம் விற்பதற்கு உறவு இருக்கிறது. பக்கத்து வீட்டு அக்கா, சுய உதவிக் குழுவின் பத்துப் பன்னிரண்டு பேர், பள்ளிக்கூட வாசலில் பழகிய தாய்மார்கள் என்று பல ஆண்டுகளாகக் கைமாற்றும் குழம்புக் கிண்ணமுமாகச் சேர்த்த நம்பிக்கை அது. நிறுவனம் கோடி கொட்டி விளம்பரம் செய்தாலும் அதை வாங்க முடியாது. நாம் சில ரூபாய்த் தரகுக்கு அதைக் கொடுத்துவிடுகிறோம். பொருள் கெட்டுப்போனால் வாடிக்கையாளர் சேவைக்கு வரும் கோபத்தைத் தாங்கச் சம்பளத்துக்கு ஆள் உண்டு. அக்காவின் கோபம் நம் வாசலுக்குத்தான் வரும்.

‘அப்படியானால் பெண்கள் சம்பாதிக்கவே கூடாதா?’ என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. வேலைக்கு அனுப்பாத வீட்டில், தன் பெயரில் இருக்கும் வங்கிக் கணக்கில் வந்து விழும் 500 ரூபாய் என்னவாக இருக்கும் என்று எனக்குத் தெரியும். யாரிடமும் கேட்காமல் வாங்கும் மாத்திரை, பேருந்துச் செலவு, ஒரு புத்தகம். அதை ஏளனம் செய்ய எந்தப் பெண்ணியத்துக்கும் உரிமையில்லை. அதனால் தொடங்காதே என்று சொல்ல மாட்டேன். தரகராகத் தொடங்கு என்கிறேன்.

தரகராகத் தொடங்குவது என்றால், சேர்வதற்கு ஒரு ரூபாயும் கட்டாமல் இருப்பது. வங்கிக் கணக்கும் பான் அட்டையும் கணவர் பெயரிலோ அண்ணன் பெயரிலோ இல்லாமல் உங்கள் பெயரில் இருப்பது. ஒப்பந்தத்தில் நான்கு இடத்தை முதலில் தேடிப் படிப்பது: எத்தனை விழுக்காடு, எத்தனை மணி நேரம், பணம் எப்போது, எப்போது கணக்கை மூடுவார்கள்.

அடுத்து, உங்களுக்கு உண்மையாகவே தெரிந்த பொருளை மட்டும் பேசுங்கள். பத்து ஆண்டு தையல் இயந்திரத்தோடு வாழ்ந்தவளுக்கு அதைப் பற்றி எந்த விளம்பரத்தையும்விட அதிகம் தெரியும். எந்த இயந்திரத்தை வாங்கக் கூடாது என்றும் அவள் எழுதட்டும். அந்த அறிவைத் தேடி வருபவர் அந்நியராக இருக்கட்டும். உறவுக்காரரைத் துரத்தாமல் ஓடும் தொழிலாக இருந்தால்தான் அது தொழில்.

இதில் எனக்குத் தரகு உண்டு என்று முதல் வரியிலேயே சொல்லிவிடுங்கள். விளம்பரத் தர மன்றம் 2021இலும், மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2023இலும் வெளியிட்ட நெறிமுறைகள் இதைத்தான் கேட்கின்றன. நெறிமுறை இல்லாவிட்டாலும் அக்காவுக்கு அந்த உண்மை சேர வேண்டியது.

எல்லாவற்றுக்கும் மேலாக, ஒரு நோட்டு போடுங்கள். வந்த பணத்தை ஒரு பக்கம், போன மணி நேரத்தை எதிர்ப்பக்கம். இன்டர்நெட் செலவும் அதில் வரட்டும். மூன்று மாதம் கழித்து வகுத்துப் பாருங்கள். மணிக்கு நான்கு ரூபாய் வந்தால் அது உங்கள் தோல்வி இல்லை, அந்தத் தொழில் உங்களுக்குத் தந்த கூலி. அந்த எண்ணைத் தெருவில் இதே தொழில் செய்யும் இன்னும் நான்கு பெண்களின் எண்ணோடு சேர்த்து வையுங்கள். பீடி சுற்றியவர்களும் சேவாவின் பெண்களும் தங்கள் கூலியைத் தாங்களே கூட்டாக எண்ணத் தொடங்கியபோதுதான் அரசு அவர்களைத் திரும்பிப் பார்த்தது.

அடுத்த முறை யாராவது மேடையேறி ‘ஓய்வு நேரத்தில் சம்பாதிக்கலாம்’ என்றால், மாணவிகள் எழுந்து ஒன்றை மட்டும் கேட்க வேண்டும்: “சார், போன மாசம் எத்தனை மணி நேரம் வேலை செஞ்சீங்க, பொருள் வித்து எவ்வளவு வந்துச்சு, ஆள் சேர்த்து எவ்வளவு வந்துச்சு?” பதில் வரும்வரை உட்கார வேண்டாம்.